ஸ்டிக்கரில் இல்லாததைக் கேட்டு வாங்குங்கள்

சென்னையின் கம்ப்யூட்டர் சந்தையான ரிச்சி தெருவில் லேப்டாப் வாங்க எந்தக் கடைப் படியேறினாலும் முதலில் "பட்ஜெட் எவ்ளோ சார்?" என்பார்கள். அடுத்தது லேப்டாப்பின் மூளையான பிராசஸர்: "ஐ3 போதுமா, ஐ5 பாக்கறீங்களா?" வாங்க வருபவரும் பெரும்பாலும் அதே கணக்கோடுதான் வந்திருப்பார். ஆனால் சர்வீஸ் மேசைக்கு வரும் லேப்டாப்களைப் பார்த்தால் பிராசஸர் பழுதாகி வருவது மிக அபூர்வம். கீல் உடைந்து வரும். சார்ஜிங் போர்ட் களிம்பேறி வரும். பேட்டரி உப்பி வரும். 8 ஜிபி ரேமில் திணறி, "புதுசுதான், ஆனா ரொம்ப ஸ்லோ" என்ற புகாரோடு வரும். இவற்றில் எதையும் கீபோர்டுக்குக் கீழே ஒட்டியிருக்கும் பளபளப்பான ஸ்டிக்கர் சொல்லாது. அதில் இல்லாததை நாம்தான் கேட்க வேண்டும்.

வீட்டுப் பயன்பாடு என்றால் பிரவுசர், வாட்ஸ்அப் வெப், எக்செல், பிள்ளைகளின் ஆன்லைன் வகுப்பு, வருமான வரி தாக்கல், யூடியூப். இதற்குக் கடந்த நாலைந்து ஆண்டுகளில் வந்த நடுத்தர பிராசஸர் எதுவும் தாராளம். பெயரில்தான் ஏமாறக்கூடாது. ஏஎம்டியின் ரைசன் 5 7520யூ, ரைசன் 5 7530யூ இரண்டும் அண்ணன் தம்பி மாதிரித் தெரியும். முதல் எண் 7 வெறும் மாடல் ஆண்டைத்தான் குறிக்கிறது. மூன்றாவது எண்ணைப் பாருங்கள்: 2 என்றால் 2019-இல் வந்த ஜென் 2 கட்டமைப்பு, 3 என்றால் அதற்கு அடுத்த தலைமுறை. 7520யூவில் 4 கோர் (தனித்தனியாகக் கணக்குப் போடும் பகுதி), 7530யூவில் 6. இன்டெல்லில் என்100, என்200 என்று வருபவை 4 சிறிய கோர்கள் மட்டும் உள்ளவை. ஒரு பிள்ளையின் வகுப்புக்குச் சரி, நாலு வேலையைச் சேர்த்துச் செய்ய முடியாது. ஐ3-1215யூ என்றால் 2 பெரிய கோர், 4 சிறிய கோர். வீட்டுக்கு அதுவே போதும். ஐ3-க்கும் ஐ5-க்கும் உள்ள விலை வித்தியாசத்தை ரேமிலும் திரையிலும் போடுவதுதான் புத்திசாலித்தனம்.

ரேம் 16 ஜிபி. இதில் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன். விண்டோஸ் 11 எதையும் திறக்காமலே ஏறக்குறைய 4 ஜிபியை எடுத்துக்கொள்கிறது. தனி கிராபிக்ஸ் கார்டு இல்லாத லேப்டாப்பில் திரைக்கான பங்கும் இதே ரேமிலிருந்துதான் போக வேண்டும். மிச்சத்தில் குரோமில் பதினைந்து டேப், ஒரு ஜூம் வகுப்பு, ஒரு எக்செல் என்றால் ரேம் நிரம்பி, மிச்சத்தைக் கோப்புகளைச் சேமிக்கும் எஸ்எஸ்டியில் எழுதி எழுதிப் படிக்கத் தொடங்கும். "மவுஸ் சிக்குது" என்பது அப்போதுதான். "இப்ப 8 போட்டுக்கங்க, அப்புறம் ஏத்திக்கலாம்" என்று கடையில் சொன்னால் உடனே கேட்க வேண்டிய கேள்வி: "அண்ணே, இதுல ஸ்லாட் இருக்கா, போர்டுலயே சோல்டரா?" மூன்று வகை உண்டு. முழுக்கப் போர்டிலேயே பற்றவைத்தது, பாதி பற்றவைத்து ஒரு ஸ்லாட் காலியாக உள்ளது, இரண்டு ஸ்லாட்டும் திறந்திருப்பது. முதல் வகையை எந்தக் காலத்திலும் கூட்ட முடியாது. கடைக்காரர் சொல்வதை நம்பித்தான் ஆக வேண்டும் என்பதில்லை. டெமோ பீஸில் டாஸ்க் மேனேஜரைத் திறந்து, பெர்ஃபார்மன்ஸ் பக்கத்தில் மெமரியைத் தொடுங்கள். ஃபார்ம் ஃபாக்டர் என்ற இடத்தில் 'சோடிம்' என்றிருந்தால் கழற்றி மாட்டும் ரேம். 'ரோ ஆஃப் சிப்ஸ்' என்றிருந்தால் பற்றவைத்தது. பழைய டிடிஆர்4 வகை ரேமைப் புதிய டிடிஆர்5 ஸ்லாட்டில் போட முடியாது, நடுவிலுள்ள வெட்டு வேறு இடத்தில் இருக்கும். இரண்டு ஸ்லாட் இருந்தால் 8+8 ஆகப் போடுங்கள். ஒற்றை ரேமைவிட இரட்டையில் தரவு இரு வழியாகப் போவதால் உள்ளிருக்கும் கிராபிக்ஸுக்கு நல்ல வேகம் கிடைக்கும்.

எஸ்எஸ்டி 512 ஜிபி போதும். விண்டோஸில் 476 என்றுதான் காட்டும். ஏமாற்று இல்லை, எண்ணும் முறை வேறு.

திரைதான் தினமும் கண் படுகிற இடம், ஆனால் விலைப்பட்டியலில் அதற்கு ஒரே வரிதான் இருக்கும். அந்த வரியில் '45% என்டிஎஸ்சி' (காட்டும் நிறங்களின் அளவு), '250 நிட்ஸ்' (வெளிச்சத்தின் அளவு) என்ற இரண்டு இருந்தால் நிறம் செத்த, மங்கலான திரை. ஆன்லைனில் புடவை பார்ப்பவருக்கு அரக்கு நிறம் வெளிறிய செங்கல் நிறமாகத் தெரியும். சொந்தமாகப் புடவையோ நகையோ படம்பிடித்து விற்பவர்கள் '100% எஸ்ஆர்ஜிபி' என்ற நிற அளவு எழுதியிருப்பதைத்தான் வாங்க வேண்டும், இல்லையென்றால் வாங்கியவர் "படத்துல வேற கலர்" என்று திருப்பி அனுப்புவார். வெளிச்சம் 300 நிட்ஸாவது வேண்டும். ஜன்னலோரம் மதிய வெயிலில் 250 நிட்ஸ் திரையில் நம் முகம்தான் தெரியும். கடையில் ஒரு வெள்ளைப் பக்கத்தைத் திறந்துவைத்து எழுந்து நின்று மேலிருந்து பாருங்கள். நிறம் கருத்தோ தலைகீழாகவோ மாறினால் டிஎன் பேனல் என்ற பழைய வகைத் திரை, விட்டுவிடுங்கள்.

தமிழில் நிறையத் தட்டச்சு செய்பவர்களுக்கு ஒன்று. 15.6 அங்குல மாடல்கள் பலவற்றில் வலப்பக்கம் எண் பலகை இருப்பதால் எழுத்துக் கட்டைகள் இடப்பக்கம் தள்ளிப்போயிருக்கும். கணக்கு எழுதுபவருக்கு எண் பலகை வரம், கட்டுரை எழுதுபவருக்குத் தோள்வலி. எழுத்துதான் வேலை என்றால் எண் பலகை இல்லாத 14 அங்குலம் எடுங்கள். 1999-இல் தமிழ்நாடு அரசு ஏற்ற தமிழ்99 விசைப்பலகை விண்டோஸ் 11-இலேயே இருக்கிறது, தனி மென்பொருள் தேவையில்லை. அதில் உயிரெழுத்துகள் இடக்கைக்கு, மெய்கள் வலக்கைக்கு. இரு கையும் சமமாக உழைக்கும் என்பதால் கடையில் ஒரு பத்தியாவது அடித்துப் பார்த்து, கட்டை நடுவில் அழுத்தும்போது பலகை குழிகிறதா என்று கவனியுங்கள்.

இனி கீல். கடைக்காரர்கள் ஹிஞ்ச் என்பார்கள். விலை குறைந்த பிளாஸ்டிக் உடம்பு லேப்டாப்களில் அதிகம் உடைவது இதுதான், வாங்கும்போது யாரும் பார்க்காததும் இதுதான். கீல் இரும்பு. அதைப் பிடிக்கும் ஸ்க்ரூ, பிளாஸ்டிக்கில் பதித்த சுண்டுவிரல் நகம் அளவுகூட இல்லாத பித்தளை நட்டில் இறங்குகிறது. மூடியை ஒரு மூலையைப் பிடித்துத் திறந்தால் முறுக்கு முழுவதும் ஒரு பக்கத்து நட்டுகளில் விழுகிறது. நாளாக ஆகக் கீல் இறுகும். ஒரு நாள் நட்டைச் சுற்றிய பிளாஸ்டிக் விரிந்து, நட்டோடு பெயர்ந்து வரும். முதல் அறிகுறி, திறக்கும்போது மெல்லிய 'டக்' சத்தம். அடுத்தது, கீலுக்குப் பக்கத்தில் மேல்மூடிக்கும் கீழ்ப்பலகைக்கும் நடுவே ஏடிஎம் கார்டு நுழையும் அளவு இடைவெளி. இந்தக் கட்டத்தில் கொண்டுவந்தால் நட்டை எபாக்ஸி பசை வைத்து உட்காரவைத்து, கீலின் இறுக்கத்தைத் தளர்த்திக் காப்பாற்றிவிடலாம். "மூடித் திறந்தா போச்சு" என்று ஓட்டினால் கீல் வழியாகப் போகும் டிஸ்பிளே கேபிள் நசுங்கும், திரையில் கோடு விழும், பிறகு மேல் பேனல், கீழ் பேனல், கேபிள் எல்லாம் மாற்ற வேண்டும். வாரன்டியில் பெரும்பாலும் இதை 'பிசிக்கல் டேமேஜ்' என்று ஒதுக்கிவிடுகிறார்கள்.

கடையிலேயே சோதிக்க முடியும். மூடியின் நடுவில் ஒரே விரல் வைத்துத் தூக்குங்கள். கீழ்ப்பலகை சேர்ந்து எழும்பாமல் மூடி மட்டும் வர வேண்டும். பிறகு கீலுக்கு மேலே திரைச் சட்டத்தை லேசாக அழுத்துங்கள்; பிளாஸ்டிக் நெளிந்தால் வேறு மாடல் பாருங்கள். வீட்டில் எல்லோருக்கும், குறிப்பாகப் பிள்ளைகளுக்கு, நடுவில் பிடித்துத் திறக்கப் பழக்குங்கள்.

சென்னைக்கென்று இருக்கிற பகை உப்புக்காற்று. பெசன்ட் நகர், திருவான்மியூர், பட்டினப்பாக்கம், ராயபுரம் பக்கம் ஜன்னலோர மேசையில் வைத்துப் பயன்படுத்தும் லேப்டாப்பின் போர்ட்டுக்குள் டார்ச் அடித்துப் பார்த்தால் செம்புக் குடத்தில் படிவது போன்ற பச்சைக் களிம்பு தெரியும். கடலைப் பார்த்த ஜன்னலை விட்டு மேசையை உள்ளே நகர்த்துங்கள். மாதக்கணக்கில் மூடிவைப்பது பயன்படுத்துவதைவிடக் கெடுதல். ஓடும்போது வரும் சூடே ஈரத்தை விரட்டுகிறது. ஊருக்குப் போவதென்றால் பேட்டரியைப் பாதியளவு சார்ஜில் விட்டு, சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு மூடிய பையில் வையுங்கள். ஏசி அறையில் இரவெல்லாம் குளிர்ந்த லேப்டாப்பை வெளியே கொண்டுவந்ததும் திறக்காதீர்கள். ஐஸ் தண்ணீர் டம்ளருக்கு வேர்ப்பது போல அதற்கும் வேர்க்கும். பையிலேயே அரை மணி நேரம் இருக்கட்டும்.

மே மாதத்தில் ஏசி இல்லாத அறையே 35 டிகிரியைத் தாண்டும். காற்றை உள்ளிழுக்கும் துவாரம் பல மாடல்களில் அடியில்தான் இருக்கிறது. மெத்தையில் வைத்தால் அதன் மூக்கை அடைத்த மாதிரி. பிராசஸர் 95, 100 டிகிரியை நெருங்கும்போது தன்னைக் காத்துக்கொள்ளத் தானே வேகத்தைக் குறைக்கும். அதைத்தான் பலர் "வைரஸ் வந்துடுச்சு" என்று நினைக்கிறார்கள். கூலிங் பேடுக்குச் செலவழிப்பதைவிடப் பின்பக்கத்தை இரண்டு அங்குலம் தூக்கும் ஒரு ஸ்டாண்ட் போதும். கூடவே தனி கீபோர்டும் மவுஸும் வாங்கிவிட்டால் கழுத்தும் தப்பிக்கும். ஆண்டுக்கு ஒரு முறை பின்மூடியைக் கழற்றித் தூசி எடுங்கள். மின்விசிறிக்கும் அலுமினியத் தகடுகளுக்கும் நடுவே தூசி கம்பளித் துண்டு போலத் திரண்டிருக்கும். வெறுமனே வெளியிலிருந்து ஊதினால் அது தகடுகளுக்குள்தான் இறுகும். விசிறியை விரலால் சுழலாமல் பிடித்துக்கொண்டு, துண்டை இடுக்கியால் எடுத்த பிறகு ஊத வேண்டும்.

சார்ஜ் போட்டபடி உலோக உடம்பைத் தொட்டால் சுருசுருவென்று இருக்கிறதா? லேப்டாப் பழுது இல்லை, வீட்டில் எர்த் இல்லை. அடாப்டருக்குள் இரைச்சலை வடிகட்டும் சிறு கெபாசிட்டர்கள் மின்கோட்டிலிருந்து மிகச் சிறிய கசிவை வெளியே விடும். மூன்றாவது பின் வழியாக அது மண்ணுக்குப் போக வேண்டும். பழைய வாடகை வீடுகள் பலவற்றில் பிளக் பாயின்ட்டில் மூன்று ஓட்டை இருக்கும், பின்னால் எர்த் ஒயர் இருக்காது. இந்தச் சிறு கசிவு ஆளைக் கொல்லாது என்றாலும், இந்த நிலையில் எச்டிஎம்ஐ கேபிளை டிவியில் செருகும்போது போர்ட் போய்விட வாய்ப்புண்டு. எலக்ட்ரீஷியனிடம் மல்டிமீட்டர் வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள்: பேஸுக்கும் எர்த்துக்கும் நடுவே ஏறக்குறைய 230 வோல்ட் காட்ட வேண்டும், நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் நடுவே ஒன்றிரண்டு வோல்ட்டுக்கு மேல் போகக்கூடாது. இரண்டு பின் மட்டும் உள்ள டைப்-சி சார்ஜர்களில் லேசான சுருசுருப்பு இருக்கும், அது வேறு. மூன்றாவது பின்னை உடைத்துவிட்டு இரண்டு பின் சாக்கெட்டில் செருகுவதை மட்டும் எந்த அவசரத்திலும் செய்யாதீர்கள். ஐப்பசி, கார்த்திகையில் இடி இடித்தால் ஸ்பைக் பஸ்டரை நம்பாமல் அடாப்டரையும், லேப்டாப்பில் செருகியிருந்தால் நெட் கேபிளையும் கழற்றிவிடுங்கள்.

கரண்ட் போனால் லேப்டாப் ஓடும், வைஃபை நிற்கும். அதனால் பெரிய யூபிஎஸ் வேண்டாம், ரவுட்டருக்கு ஒரு மினி யூபிஎஸ் வாங்குங்கள். ரவுட்டர் அடாப்டரில் எழுதியிருக்கும் வோல்ட், பெரும்பாலும் 12, அப்படியே பொருந்த வேண்டும். ஆம்பியர், ரவுட்டர் கேட்பதற்குச் சமமாகவோ கூடுதலாகவோ இருக்கலாம். 9 வோல்ட் ரவுட்டரில் 12 வோல்ட் கொடுத்தால் ரவுட்டர் போயே போய்விடும்.

சார்ஜர் டைப்-சி ஆக இருக்கும் லேப்டாப்பைத் தேர்ந்தெடுத்தால் பின்னால் நிம்மதி. 65 வாட் சார்ஜர் ஒன்றே போனுக்கும் லேப்டாப்புக்கும் ஆகும். சார்ஜர் மீது 20 வோல்ட், 3.25 ஆம்பியர் என்ற வரி இருக்க வேண்டும். கேபிளும் முக்கியம்: 3 ஆம்பியருக்கு மேல் போக வேண்டுமானால் கேபிளுக்குள் ஒரு சிப் இருந்தாக வேண்டும், அதனால் 100 வாட் என்று போட்ட கேபிளாகப் பாருங்கள். போனோடு வந்த கேபிளில் "மெதுவா ஏறுது" என்பதன் காரணம் இதுதான். தெருவோரத்தில் விற்கும் டூப்ளிகேட் அடாப்டர் கையில் எடுத்தாலே கனமில்லாமல் இருக்கும். ஐஎஸ்ஐ மாதிரி இதற்கும் பிஐஎஸ் (இந்தியத் தர நிர்ணய அமைவனம்) பதிவு எண் உண்டு; ஆர் என்ற ஆங்கில எழுத்தில் தொடங்கும் அந்த எண்ணைப் 'பிஐஎஸ் கேர்' செயலியில் அடித்தால் யார் பெயரில் பதிவு என்று காட்டும். பொருந்தவில்லை என்றால் வாங்காதீர்கள்.

ஒரே போர்ட்டில் பலவற்றைச் செருக உதவும் டைப்-சி ஹப் வாங்குமுன் லேப்டாப்பின் டைப்-சி போர்ட் வீடியோவும் தருமா என்று பார்த்துக்கொள்ளுங்கள். விலை குறைந்த மாடல்கள் சிலவற்றில் அது வெறும் டேட்டா போர்ட். அதில் எந்த ஹப்பைச் செருகினாலும் எச்டிஎம்ஐயில் படம் வராது. வயர்லெஸ் மவுஸ் தடுமாறினால் அதன் குட்டி ரிசீவரை நீல நிற யூஎஸ்பி 3 போர்ட்டிலிருந்து எடுத்து யூஎஸ்பி 2-இல் மாட்டுங்கள். யூஎஸ்பி 3 எழுப்பும் இரைச்சல் மவுஸ் பேசும் அதே 2.4 கிகாஹெர்ட்ஸில் விழுகிறது.

பேட்டரியை மணிக்கணக்கில் கேட்காதீர்கள், வாட்-அவரில் (சேமிக்கும் மின்சாரத்தின் அளவு) கேளுங்கள். சாதாரண வேலைக்கு லேப்டாப் 7 முதல் 10 வாட் இழுக்கும் என்று வைத்துக்கொண்டால் 42 வாட்-அவர் பேட்டரி நாலு முதல் ஆறு மணி நேரம். பெட்டியில் 10 மணி நேரம் என்று எழுதியிருந்தாலும் இந்தக் கணக்குதான் நிற்கும். நாள் முழுக்க சார்ஜில் வைப்பவர்கள், லேப்டாப்போடு வரும் செயலியில் 80 சதவீத வரம்பை வைத்துக்கொள்ளுங்கள். டச்பேட் ஒரு பக்கம் மேலெழுந்தாலோ, சமமான மேசையில் லேப்டாப் ஆடினாலோ பேட்டரி உப்பியிருக்கிறது. அன்றே சார்ஜ் போடுவதை நிறுத்திவிட்டு மாற்றுங்கள்.

பட்ஜெட் சிறியது என்றால் மட்டமான புதியதைவிட, நிறுவனங்கள் பயன்படுத்திக் கழித்த திங்க்பேட், லேட்டிட்யூட், எலைட்புக் வகைகளே மேல் என்பேன். கீலும் கீபோர்டும் வேறு தரம். விண்டோஸ் 10-க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14-உடன் முடிந்துவிட்டதால் இன்டெல் 8-ஆம் தலைமுறைக்குக் கீழே போகாதீர்கள். அதற்கு முந்தையதில் விண்டோஸ் 11-ஐத் தந்திரமாக ஏற்றித் தருவார்கள்; பெரிய அப்டேட்கள் தானாக வராது. மூன்று சோதனை கடையிலேயே. ஒன்று, ரீஸ்டார்ட் செய்து, விண்டோஸுக்கு முன் வரும் அமைப்புத் திரையான பயாஸுக்குள் போங்கள் (லேட்டிட்யூடில் எஃப்2, எலைட்புக்கில் எஃப்10, திங்க்பேடில் எஃப்1). பாஸ்வேர்ட் கேட்டால் பழைய நிறுவனத்தின் பூட்டு இன்னும் இருக்கிறது. இரண்டு, செட்டிங்ஸில் ஆக்டிவேஷன் பக்கத்தில் 'டிஜிட்டல் லைசென்ஸ்' என்று இருக்க வேண்டும். 'ஆர்கனைசேஷன் ஆக்டிவேஷன் சர்வீஸ்' என்று இருந்தால் வீட்டு லேப்டாப்புக்கு அது உரிமமில்லாத, ஒட்டுப்போட்ட விண்டோஸ். மூன்று, கமாண்ட் பிராம்ப்டில் 'பவர்சிஎஃப்ஜி ஸ்லாஷ் பேட்டரிரிப்போர்ட்' என்று ஆங்கிலத்தில் அடியுங்கள். அது சேமிக்கும் அறிக்கையில், டிசைன் கெபாசிட்டியில் (புதிதில் இருந்த கொள்ளளவு) 70 சதவீதத்துக்குக் கீழே ஃபுல் சார்ஜ் கெபாசிட்டி (இப்போதுள்ள கொள்ளளவு) போயிருந்தால் புது பேட்டரியின் விலையைக் கழித்துப் பேசுங்கள்.

ரிச்சி தெருவுக்கு ஞாயிற்றுக்கிழமை போகாதீர்கள், பெரும்பாலான கடைகள் மூடியிருக்கும். வண்டி நிறுத்தவும் இடம் கிடைக்காது. அரசினர் தோட்டம் மெட்ரோவில் இறங்கி நடந்துவிடலாம். பில்லில் கடையின் ஜிஎஸ்டி எண்ணும் லேப்டாப்பின் சீரியல் எண்ணும் இருக்கட்டும். "பில் இல்லாம வாங்கினா குறைச்சுத் தர்றேன்" என்றால் 18 சதவீத ஜிஎஸ்டியோடு வாரன்டியும் போகிறது. பெட்டியை அங்கேயே உங்கள் கையால் பிரியுங்கள், சீரியல் எண்ணை பிராண்டின் இணையதளத்தில் அடித்து வாரன்டி எந்தத் தேதியிலிருந்து ஓடுகிறது என்று பாருங்கள். மூன்று மாதம் ஏற்கெனவே ஓடியிருந்தால் அது வேறு யாருக்கோ விற்றுத் திரும்பிய பீஸாக இருக்கலாம். கடை இழுத்தடித்தால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915.

முதல் முறை ஆன் செய்யும்போது "நான் செட்டப் பண்ணித் தர்றேன்" என்று கடைப் பையன் தன் மின்னஞ்சலைப் போட விடாதீர்கள். கூட வரும் ஆஃபீஸ் அந்தக் கணக்கோடு ஒட்டிக்கொள்ளும். விண்டோஸ் 11 பல லேப்டாப்களில் டிஸ்கைத் தானாகவே பூட்டிவிடுகிறது, அதன் சாவியும் அதே கணக்குக்குத்தான் போகிறது. இரண்டு வருடம் கழித்து மதர்போர்டு மாற்றும் நாளில் நீலத் திரையில் 48 இலக்க எண்ணைக் கேட்கும். அது இல்லையென்றால் போட்டோக்களை யாராலும் மீட்க முடியாது. வாங்கிய அன்றே உங்கள் மைக்ரோசாஃப்ட் கணக்கில் 'ரிகவரி கீ' பக்கத்தைத் திறந்து, அந்த 48 இலக்கத்தையும் ஒரு தாளில் எழுதி, பில்லோடு சேர்த்துப் பீரோவில் வையுங்கள்.